தகடூர்க் கல்லும் உளியும்

தருமபுரி மாவட்டத்தின் மிகப் பழைய சிற்பங்கள் நடுகற்கள். கவர்ந்து போன ஆநிரையை மீட்கச் சென்று செத்தவன், ஊரைக் காக்க நின்று அம்பு பட்டு விழுந்தவன், புலியோடு கட்டிப் புரண்டவன் என்று ஊருக்காக உயிர் விட்டவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் அவை. ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் வரப்போரத்திலும் இன்றும் நிற்கின்றன. பல ஊர்களில் அவற்றுக்கு வேடியப்பன் என்று பெயர். பொங்கல் வைத்துப் படையல் போடுகிறார்கள். கல்லில் ஓர் ஆளின் உருவத்தைக் கொண்டுவர இந்த வட்டாரத்துக் கைகள் எப்படிப் பழகின என்பதை அறிய இவற்றைவிட நல்ல சான்று கிடையாது. சிற்பம் பழக விரும்பும் இன்றைய மனிதருக்கும் தஞ்சைப் பெரிய கோயிலைவிட இந்தக் கற்களே கிட்டத்தில் இருக்கின்றன, எல்லா வகையிலும்.

மாவட்டம் புதியது, வட்டாரம் பழையது. சேலம் மாவட்டத்திலிருந்து 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி பிரிந்தது. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர் என்று சங்கப் பாடல்களால் அறியப்பட்ட இடம். நடுகற்களைப் பொறுத்தவரை இந்த நிர்வாக எல்லைகளுக்குப் பொருள் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் பகுதி மூன்றும் சேர்ந்து ஒரே நடுகல் நாடு. தமிழ்நாட்டில் எழுத்தோடும் உருவத்தோடும் கிடைத்த பழைய நடுகற்களில் பெரும்பங்கு இங்கிருந்து வந்தவைதான்.

அதற்கு முதல் காரணம் கல். மாவட்டம் முழுக்கப் பாறைதான். நீஸ், கருங்கல், தெற்கே சார்னோக்கைட், இவற்றின் ஊடே நீண்ட சுவர்போல் ஓடும் டோலரைட் என்ற கரும்பாறை. உழவன் கலப்பை இறக்கினாலும் கிணறு தோண்டினாலும் கல்லில்தான் முட்டும். ஆகவே கல்லோடு வாழப் பழகிய வரலாறும் நீளமானது. மோதூரில் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் புதிய கற்கால மக்களின் தடயங்கள் வெளிப்பட்டன. அக்கால மக்கள் கோடரி செய்த முறை கவனிக்கத்தக்கது. முதலில் கல்லை உடைத்து உருவுக்குக் கொண்டுவந்தார்கள்; பிறகு இன்னொரு கல்லால் பொட்டுப் பொட்டாகக் கொத்தி மேட்டைத் தணித்தார்கள்; கடைசியில் தண்ணீரும் மணலும் விட்டுத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். உடைத்தல், கொத்துதல், தேய்த்தல். இரும்பு உளி வந்த பிறகும் கருங்கல் வேலையின் வரிசை இதுதான். அம்மி கொத்த வருகிறவர் செய்வதும் இதன் நடுப்பகுதியைத்தான்.

இரும்புக் காலத்தில் இறந்தவர்க்குக் கல் எழுப்பும் வழக்கம் பரவியது. கல்திட்டை, கல்வட்டம், நெடுங்கல் ஆகியவை இந்த வட்டாரத்தில் ஏராளம். இவற்றில் உருவம் கிடையாது. ஆனால் தருமபுரியை ஒட்டிய திருவண்ணாமலை மாவட்டத்து மோட்டூரில் ஒரு விதிவிலக்கு நிற்கிறது. பெரிய பலகைக் கல் ஒன்றைத் தலையும் தோளும் உள்ள ஆள்போல வெட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கண் இல்லை, மூக்கு இல்லை, கை இல்லை. வெளிக்கோடு மட்டும்தான். ஊரார் அதைத் தாய்த் தெய்வமாக வணங்குகிறார்கள். மனித உருவத்தைக் கல்லில் கொண்டுவர எடுத்த ஆரம்பகட்ட முயற்சிகளில் ஒன்றாக அதைக் கொள்ளலாம்.

சங்க காலத்து நடுகல்லிலும் உருவம் முக்கியமாக இருக்கவில்லை. அதியமான் அஞ்சி இறந்த பின் அவனுக்கு நட்ட கல்லைப் பற்றி ஔவையார் பாடியது புறநானூற்றின் 232ஆம் பாட்டாக இருக்கிறது. மயிற்பீலி சூட்டுவதும் கள் படைப்பதும் அதில் வருகின்றன, சிற்பம் வரவில்லை. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகற்களிலும் உருவம் இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் ஆறு படிகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது, அதை எடுத்து வர நாள் குறிப்பது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது. இந்த வரிசையில் செதுக்குவதற்கென்று தனிப் படி இல்லை என்பது கவனத்துக்குரியது. கல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. உருவம் பின்னால் வந்து சேர்ந்தது.

அது வந்து சேர்ந்தது சுமார் 6ஆம் நூற்றாண்டில். பல்லவர் காலம். சிம்மவிஷ்ணு, முதலாம் மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைக் குறித்த வட்டெழுத்து நடுகற்கள் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்திருக்கின்றன. பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்து இருளப்பட்டி நடுகற்கள் பெயர்பெற்றவை. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த அதே காலத்தில், காஞ்சிக்கு வெகு தொலைவில் தகடூர் நாட்டுக் காட்டோர ஊர்களில் வேறு ஆட்கள் வேறு கற்களில் மனிதனைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். முன்னது அரசன் பெயரால் வரலாற்றில் இடம்பெற்றது. பின்னதைச் செய்தவர்களின் பெயர் பெரும்பாலும் கல்லில் இல்லை. இறந்தவன் பெயர், அவன் தலைவன் பெயர், நாடு, ஊர், பூசலின் காரணம் இவ்வளவே உண்டு. சில கற்களில் இறந்தவன் குடும்பத்துக்கு விட்ட நிலமும் குறிக்கப்படும். உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்று அதற்குப் பெயர்.

இந்தக் காலத்து நடுகல் ஒன்றைக் கிட்டே நின்று பார்த்தால் தெரிவது இது. ஆள் உயரமோ அதற்குக் குறைவோ உள்ள ஒரு பலகைக் கல். ஓரங்கள் சீர்செய்யப்படவில்லை, பாறையிலிருந்து பெயர்ந்த வாக்கிலேயே இருக்கும். நடுவில் வீரன். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள். ஒரு கால் மடிந்து மறு கால் நீண்டு, பாய்வதற்கும் விழுவதற்கும் இடைப்பட்ட நிலை. மார்பு நேராகப் பார்வையாளரை நோக்கும். கால்கள் பக்கவாட்டில் போகும். உடலில் ஓரிரு அம்புகள் தைத்திருக்கும். காலடியில் சிறு கெண்டியோ சிமிழோ. மாடு பிடிச் சண்டையானால் ஓரத்தில் மாடுகள். மேலே எழுத்து. முகத்தில் கண், மூக்கு, வாய் பெரும்பாலும் தேய்ந்திருக்கும். சிலவற்றில் தொடக்கத்திலேயே அழுத்தமாகச் செதுக்கப்படவில்லை என்றுதான் தோன்றுகிறது. உருவம் கல்லின் பரப்பிலிருந்து எழும்பியிருப்பது விரல் அகலம்கூட இராது.

மார்பை நேராகவும் காலைப் பக்கவாட்டிலும் காட்டியதை வரையத் தெரியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. மார்பு நேராக இருந்தால்தான் இரண்டு கைகளும் இரண்டு ஆயுதங்களும் தெரியும். கால் பக்கவாட்டில் போனால்தான் ஓட்டம் தெரியும். ஆழமாகச் செதுக்க முடியாத கல்லில், செலவு செய்ய முடியாத ஊரில், சொல்லவேண்டியதை மட்டும் சொல்லும் வழி அது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்றில் கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்குப் பின்னால் அவன் நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். நாய்க்கு உருவமும் பெயரும் தர எந்தச் சிற்ப நூலும் அந்த ஆளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காது.

செதுக்கிய முறையைக் கல்லே காட்டுகிறது. புடைப்புச் சிற்பம் செய்ய முதலில் பரப்பைக் கொத்திச் சமன் செய்யவேண்டும். அதில் கரியாலோ செங்காவியாலோ உருவத்தின் வெளிக்கோட்டை வரைவார்கள். கூர் உளியைக் கோட்டுக்கு வெளியே சாய்த்துப் பிடித்து ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். பின் அந்த வாய்க்காலிலிருந்து வெளிப்பக்கமாகக் கல்லைத் தணித்துக்கொண்டே போனால் உருவம் மேடாக மிஞ்சும். மேட்டின் விளிம்பை உருட்டி, கை உடலைக் கடக்கும் இடத்தில் ஒரு கோடு, வாள் கையைக் கடக்கும் இடத்தில் ஒரு கோடு. வேலை முடிந்தது. உளியின் முனை அடிக்கடி மழுங்கும். உலையில் காய்ச்சித் தட்டித் தோய்ச்சல் கொடுக்க ஒரு கொல்லன் பக்கத்தில் வேண்டும். கருங்கல்லைச் செதுக்குகிறவனின் நாளில் உளி தட்டும் வேலை கணிசமான நேரத்தைத் தின்னும். இரும்புக்குப் பெயர்போன இந்த வட்டாரத்தில் கொல்லனுக்குப் பஞ்சம் இருந்திராது.

பல நூற்றாண்டுக் கற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கை தேறுவது தெரியும். பல்லவர், கங்கர், பாணர் காலத்துக் கற்களில் ஊர்க்கை. 9ஆம் நூற்றாண்டுக்குப் பின் வேறொரு கை நுழைகிறது. நுளம்பர்களின் சிற்பிகள்.

நுளம்பர்களின் தலைநகர் ஹேமாவதி, இன்றைய ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே வந்த அவர்கள் தகடூரையும் தங்கள் இடமாக்கிக்கொண்டார்கள். கி.பி. 893ஆம் ஆண்டைச் சேர்ந்த மகேந்திர நுளம்பனின் கன்னடக் கல்வெட்டு தருமபுரியில் கிடைத்தது; தகடூரில் இருந்த சமணப் பள்ளிக்கான கொடையை அது சொல்கிறது. தருமபுரி கோட்டையிலுள்ள மல்லிகார்ச்சுனர் கோயில் மண்டபத் தூண்களில் நுளம்பர் பாணி தெரியும். கடைசல் பிடித்ததுபோல் உருண்ட உடலும் மேலே படிப்படியான மகுடமும் கொண்ட தூண்கள். அங்கே ஒரு தூணின் அடி தரையில் முழுதும் படியாமல் நிற்பதால் தொங்கும் தூண் என்று காட்டுவார்கள். வருகிறவர்கள் துணியையோ தாளையோ அடியில் விட்டு இழுத்துப் பார்ப்பது வழக்கம். கூட்டம் அந்தத் தூணைச் சுற்றியே நிற்கிறது. பக்கத்துக் காமாட்சி அம்மன் கோயிலின் அடித்தளத்தைச் சுற்றிச் சிறு சிறு கட்டங்களில் இராமாயணம் செதுக்கப்பட்டிருப்பதைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. உள்ளங்கை அகலத்தில் ஒரு காட்சி. நின்றபடி பார்த்தால் எதுவும் தெரியாது.

நுளம்பர் வேலையின் மதிப்பை அவர்களை வென்றவர்களே உணர்ந்திருந்தார்கள். நுளம்பர் நாடான நுளம்பபாடி சோழர் வசம் ஆனபின் நுளம்பர் தூண்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுக் காவிரிக் கரைக்குப் போயின. திருவையாற்றுக் கோயிலில் அவை இன்றும் நிற்கின்றன. ஹேமாவதியின் சிற்பங்கள் பல பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன, சி. சிவராமமூர்த்தி அவற்றைப் பற்றித் தனி நூலே எழுதினார்; அது 1964இல் வெளிவந்தது.

கோயில் சிற்பியின் பயிற்சி நடுகல்காரனின் பயிற்சி போன்றதன்று. தாள அளவு என்ற கணக்கு அதற்கு அடிப்படை. முகத்தின் நீளம் ஒரு தாளம். தெய்வத்துக்குத் தெய்வம் மொத்த உயரம் இத்தனை தாளம் என்று விதி உண்டு. கல்லைத் தட்டி எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிப்பார்கள். பிள்ளை வயதில் பட்டறையில் சேர்ந்தவன் முதலில் உளி எடுத்துக் கொடுப்பான், உலை ஊதுவான், தரையில் கோடு போட்டுப் பழகுவான். முகத்தில் கைவைக்கப் பல வருடம் ஆகும். கண் திறக்கும் உரிமை மூத்த ஸ்தபதிக்கே. இத்தனை கட்டுப்பாடும் சேர்ந்துதான் நுளம்பர் தூணையும் சோழர் சிலையையும் கொடுத்தது. வெளியாளை வாசலிலேயே நிறுத்தியதும் அதுதான்.

நுளம்பர் காலத்துக்குப் பின் நடுகல்லும் மாறியது. கருநாடகப் பக்கத்து வழக்கப்படி ஒரே கல்லில் மூன்று அடுக்குகள் வந்தன. கீழ் அடுக்கில் சண்டை. நடுவில் தேவமாதர் இருபுறமும் தாங்க வீரன் மேலே போகிறான். உச்சியில் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருக்கிறான். கதை முழுமையானது, வேலைப்பாடும் கூடியது. வேகம் குறைந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். பழைய கல்லில் வீரன் செத்துக்கொண்டிருந்தான். புதிய கல்லில் அவன் சொர்க்கத்துக்குப் போகும் வழி முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. கணவனோடு தீப்பாய்ந்த பெண்களுக்கான சதிக்கற்களும் இக்காலத்தில் பெருகின. உயர்த்திய கை அவற்றின் அடையாளம். போசளர், விசயநகரர், நாயக்கர் காலங்களில் இரண்டு வகையும் தொடர்ந்தன. பிறகு கோட்டை, பீரங்கி, பாளையப்பட்டுச் சண்டைகள். இந்த வட்டாரத்தை உள்ளடக்கிய பாராமகால் 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கைமாறியது. ஊர்ச் சண்டையில் செத்தவனுக்குக் கல் நடும் தேவை அதற்கு முன்பே தேய்ந்துவிட்டிருந்தது.

கல்வேலை நின்றுவிடவில்லை. அம்மி, ஆட்டுக்கல், உரல், திருகை, செக்கு, படிக்கல், வாசற்கால் என்று வீட்டுக்கு வீடு தேவை இருந்தது. போயர் சமூகத்தார் பாறை உடைப்பதிலும் கல் கட்டுவதிலும் தேர்ந்தவர்கள், கல்தச்சர் நுண்வேலைக்கு. சேலம், நாமக்கல் பக்கம் மாக்கல்லைக் கடைந்து கல்சட்டி செய்தார்கள். மாக்கல் மென்மையானது, நகத்தால் கீறினாலே கோடு விழும். அடுப்பில் வைத்தாலும் வெடிக்காது. கருங்கல்லின் நாட்டுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு கல் கிடைப்பது சிற்பம் பழகுகிறவருக்கு நல்வாய்ப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் பயிற்சி இன்னும் அதிகம் இல்லை.

கல்லில் செதுக்கும் பழக்கம் வீட்டை விட்டுப் போனாலும் மண்ணில் பிடிக்கும் பழக்கம் போகவில்லை. எந்தச் சடங்கானாலும் மஞ்சளையோ சாணத்தையோ பிடித்து வைத்து அருகம்புல் செருகினால் பிள்ளையார். இதற்கு ஸ்தபதி வேண்டாம், தாளக் கணக்கு வேண்டாம். வீட்டில் யார் பிடித்தாலும் அது தெய்வம்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று கேலி பேசும் அதே ஊர்தான் அந்தப் பிள்ளையாரைக் கும்பிடவும் செய்கிறது. ஆடி ஆவணியில் குயவர் வீட்டு வாசலில் களிமண் பிள்ளையார்கள் காயும். வேண்டுதலுக்கு மண்குதிரையும் மண்பொம்மையும் வாங்கிக் கோயிலில் வைப்பார்கள். சிற்பம் என்ற பெயரே சூட்டாமல் ஒரு சமூகம் முழுக்க உருவம் பிடித்துக்கொண்டிருந்தது.

சிற்பத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்கலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1929இல் தேவி பிரசாத் ராய் சவுத்ரி அதன் முதல் இந்தியத் தலைவரானார். பாறையை நெம்பும் நான்கு ஆட்களைக் காட்டும் மெரினா உழைப்பாளர் சிலை அவர் கைவேலை. எஸ். தனபால் போன்றவர்கள் அங்கே சிற்பம் கற்பித்தார்கள், கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். இங்கே பிறந்த சிற்பங்களில் தாள அளவு கட்டாயமில்லை. சாதியும் குலமும் கேட்கப்படவில்லை.

மரபு வழிக்கு வேறொரு கூடம் அமைந்தது. 1957இல் தமிழக அரசு மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையத்தைத் திறந்தது. பின்னர் அது கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து பட்டம் தரத் தொடங்கியது. அதை நீண்ட காலம் நடத்திய வி. கணபதி ஸ்தபதிதான் கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பியவர். 2000 ஜனவரி 1 அன்று அது திறக்கப்பட்டது. மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்ட அளவில் சிற்பம் படிக்க விரும்பும் தருமபுரிப் பிள்ளை மாமல்லபுரத்துக்கோ சென்னைக்கோ கும்பகோணத்துக்கோதான் போகவேண்டியிருக்கிறது. ஊரிலேயே கிடைப்பது கலை பண்பாட்டுத் துறையின் சிறுவர் மன்ற வகுப்புகள் போன்றவை. அவற்றில் பாட்டும் பரதமும் ஓவியமும் கைவேலையும் முன்னால் நிற்கின்றன. நுளம்பர் தூண்கள் எழும்பிய ஊருக்கு இது குறைதான்.

மாமல்லபுரக் கூடம் வளர்ந்த அதே காலத்தில் மாவட்டத்தின் பழைய சிற்பங்கள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன. 1961இல் தொடங்கிய மாநிலத் தொல்லியல் துறை, இரா. நாகசாமியின் தலைமையில் ஊர் ஊராகத் தேடி நடுகற்களைப் பதிவு செய்தது. செங்கம் நடுகற்கள் 1972இல் நூலாயின. 1974இல் நடுகற்களுக்கென்றே கருத்தரங்கத் தொகுப்பு வந்தது. 1975இல் தருமபுரி கல்வெட்டுகள் வெளியாயின. புதரிலும் முள்வேலியிலும் கிடந்த கற்கள் சில தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு வந்து சேர்ந்தன. வேடியப்பனாக வழிபாட்டில் இருந்தவை அங்கங்கேயே இருக்கின்றன. வழிபாடு அவற்றைக் காப்பாற்றியது. எண்ணெயும் மஞ்சளும் இப்போது வண்ணப் பெயின்ட்டும் அவற்றின் எழுத்தை மறைத்துக்கொண்டும் இருக்கின்றன.

20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் பாறைக்கு வேறு விலை வந்தது. டோலரைட் வெளிநாட்டுச் சந்தையில் கறுப்பு கிரானைட் ஆனது. 1978இல் தொடங்கிய தமிழ்நாடு கனிம நிறுவனமும் தனியாரும் தருமபுரி வட்டாரத்தில் குவாரி எடுத்தார்கள். நுண்மணியாக இருப்பதால் நன்றாகப் பளபளப்பேறும், எழுத்து துல்லியமாக விழும். ஆகவே இந்தக் கறுப்புக் கல்லுக்கு உலகெங்கும் கல்லறைக் கல்லாகப் பெரிய தேவை உண்டு. இறந்தவர் பெயரைப் பொறிக்கக் கல் எடுக்கும் வேலை இந்த மண்ணில் தொடர்கிறது; பெயர்கள்தாம் வேறு தேசத்தவை. வைரக் கம்பி ரம்பமும் மெருகு எந்திரமும் உளியின் வேலையைச் செய்கின்றன. தூசி மட்டும் பழையபடியே இருக்கிறது. சிலிக்கா தூளை வருடக்கணக்கில் மூச்சில் இழுத்தவரின் நுரையீரல் தடித்துப் போகும். கருங்கல் வேலையில் முகமூடியும் தண்ணீர் தெளிப்பும் இல்லாத பட்டறை ஆளைக் கொல்லும் பட்டறை.

பிழைப்புக்காக அல்லாமல், மனம் இளைப்பாறச் சிற்பம் பழகும் வழக்கம் உலக அளவிலேயே அண்மைக்காலத்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் சிற்பம் கற்பித்த வில்லியம் ஹார்பட், மாணவர்கள் கையில் காய்ந்து போகாத பிசைமண் வேண்டும் என்று 1897இல் பிளாஸ்டிசின் செய்தார். சில வருடங்களில் அது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகி உலகைச் சுற்றியது. 1940களில் ஓவியர் ஏட்ரியன் ஹில், காசநோய் மருத்துவமனையில் தாமே நோயாளியாக இருந்த அனுபவத்திலிருந்து, படம் வரைவதும் உருவம் செய்வதும் நோயாளியைத் தேற்றும் என்று பரப்பினார். 2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 39 பேருக்குக் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படத் தாள் ஆகியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விருப்பம்போல் செய்யவிட்டார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரைச் சோதித்தபோது, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் நான்கில் மூன்று பேருக்குக் குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்று அதில் வேறுபாடு தென்படவில்லை. சிறிய ஆய்வுதான், அதை வைத்து மருந்துக்கு மாற்று என்று பேச இடமில்லை. ஆனால் நன்றாகச் செய்தால்தான் பயன் என்ற அச்சத்துக்கு அது பதில் சொல்கிறது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பொதுமக்களுக்கான இத்தகைய வகுப்புகள் கடற்கரைப் பக்கத்தில்தான் முதலில் வேரூன்றின. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடம் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கியது. 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில் வருகிறவர்கள் திகிரியில் கைவைத்துப் பார்க்கலாம். விநாயகர் சதுர்த்திக்கு முன் களிமண் பிள்ளையார் செய்யக் கற்றுக்கொடுக்கும் நிகழ்ச்சிகள் இப்போது உள்மாவட்டங்களின் பள்ளிகளிலும் நடக்கின்றன. ரசாயனச் சிலைகளை நீரில் கரைப்பதற்கு வந்த கட்டுப்பாடுகள் அதற்கு ஒரு தூண்டுதல்.

புதியவர் எதில் தொடங்குவது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வகுப்புகள் தரும் விடை பிள்ளையார் அல்லது புத்தர் தலை. இரண்டுமே கடினமானவை. முழு உருவச் சிற்பத்தில் எல்லாப் பக்கமும் சரியாக வரவேண்டும். முகமானால் ஒரு நூல் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். வந்தவர் முதல் நாளே சோர்ந்துபோவார். நடுகல் முறை இதற்கு நேர்மாறு. ஒரு முழ நீளமும் இரண்டு விரல் தடிமனும் உள்ள களிமண் பலகை. அதில் ஈர்க்குச்சியால் ஒரு வெளிக்கோடு. கோட்டுக்கு வெளியே மண்ணைச் சீவித் தணித்தால் உருவம் நிற்கும். முகத்துக்குக் கவலையில்லை. கை எங்கே, கால் எங்கே, என்ன ஏந்தியிருக்கிறது என்ற மூன்று தீர்மானங்கள் போதும். களிமண்ணை முதலில் பிசைந்து அடித்துக் காற்றுக் குமிழை வெளியேற்றவேண்டும். பலகை நிழலில் மெதுவாக முழுதும் காயவேண்டும், உள்ளே ஈரம் மிஞ்சினால் சூளையில் வெடிக்கும். வெயிலில் வைத்தால் ஓரம் சுருண்டுகொள்ளும். மண்ணில் கை பழகியபின் மாக்கல். சிறு உளியும் அரமும் உப்புத்தாளும் போதும். கல்லை நனைத்து நனைத்து வேலை செய்யவேண்டும், மூக்குக்குக் கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும். கருங்கல் அதற்கும் பின்னால், உளி தட்டித் தர ஆள் இருந்தால்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் இருக்கும் கற்கள் இதற்கான பாடநூல். ஆழம் குறைந்த புடைப்பு, எளிய நிலை, தெளிவான கோடு என எல்லாம் தொடக்கக்காரரின் கைக்கு எட்டும் அளவில் இருக்கின்றன. ஆயிரத்து நானூறு வருடத்துக்கு முன் அவற்றைச் செதுக்கியவர்களில் பலர் இன்றைய தொடக்கக்காரரைவிட அதிகம் பயின்றவர்கள் அல்லர் என்பது அந்தக் கோடுகளிலேயே தெரிகிறது. மாவட்டத்தில் சிற்ப வகுப்பு நடத்த முன்வரும் பள்ளியோ கலை அமைப்போ முதல் வகுப்பைத் தாளோடும் பென்சிலோடும் அங்கே வைக்கலாம். ஊர் வேடியப்பனைப் பார்த்து வரையப் போகிறவர்கள் கல்லைச் சுரண்டவோ அதன்மேல் சுண்ணாம்பு பூசவோ கூடாது. எழுத்து தெரியும் புதிய கல் எதையும் கண்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லிவிடவேண்டும்.